ஹாம்லெட்டாக நடித்தவர் புரட்சியை அறிவித்தது ஏன்? யோன் கராமித்ருவின் வாழ்க்கை, ஒரு விளக்கம்

1989 டிசம்பர் 22, மதியம். ருமேனியாவின் அரசுத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு கூட்டம் கேமரா முன்னால் நெருக்கியடித்து நிற்கிறது. கம்பளிச் சட்டைகள், கலைந்த தலைகள், தூங்காத முகங்கள். நடுவில் இரண்டு பேர். ஒருவர் கவிஞர் மிர்ச்சா தினெஸ்கு. மற்றவர் மேடை, திரை நடிகர் யோன் கராமித்ரு. கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி நிக்கோலாய் சௌசெஸ்கு ஓடிவிட்டார், நாம் வென்றுவிட்டோம் என்று நாட்டுக்குச் சொன்னது இந்தக் கூட்டம்தான். இருபத்து நான்கு ஆண்டு ஆட்சி முடிந்த செய்தியைப் படித்தவர் செய்தி வாசிப்பாளரும் இல்லை, தளபதியும் இல்லை.

அந்தக் காட்சித் துண்டு இன்றும் இணையத்தில் சுற்றி வருகிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு மூன்று கேள்விகள் எழும்.

1. ஒரு நடிகருக்கு அங்கே என்ன வேலை?
2. அவரே பின்னர் பண்பாட்டு அமைச்சராகவும் தேசிய நாடக அரங்கின் தலைவராகவும் ஆனது எப்படி?
3. அதே காட்சியைக் காட்டி "எல்லாமே நாடகம்" என்று சிலர் சொல்வது ஏன்?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சௌசெஸ்கு காலத்து ருமேனியாவில் நாடக அரங்கு எப்படி இயங்கியது என்பது தெரிந்தால் மற்றவை தானாகப் புரியும். ஆகவே அங்கிருந்து தொடங்கலாம்.

மாதச் சம்பள நடிகர்கள்

கம்யூனிஸ்ட் ருமேனியாவில் நடிகர் என்பவர் அரசு ஊழியர். நாடகப் பள்ளியில் படித்துத் தேறியவர் ஏதாவது ஓர் அரசு நாடக அரங்கில் நிரந்தர உறுப்பினராகச் சேருவார். மாதச் சம்பளம் உண்டு. எந்த நாடகத்தில் எந்த வேடம் என்பதை நிர்வாகமும் இயக்குநரும் முடிவு செய்வார்கள்.

இந்த முறையில் ஒரு நாடகம் தொடர்ந்து முப்பது நாள் ஓடிவிட்டு நின்றுபோகாது. ஓர் அரங்கின் கையிருப்பில் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து நாடகங்கள் இருக்கும். இன்று ஒன்று, நாளை வேறொன்று. நல்ல நாடகம் மாதத்துக்குச் சில இரவுகள் என்று ஆண்டுக்கணக்கில் நடக்கும். பார்வையாளர் அதே நடிகரை இன்று இளவரசனாகவும் அடுத்த வாரம் குமாஸ்தாவாகவும் பார்ப்பார். ஒரு நகரத்து மக்களுக்கும் அந்த நகரத்து நடிகர்களுக்கும் இப்படித்தான் நீண்ட பழக்கம் ஏற்படும்.

சினிமாவும் அரசின் கையில்தான். புகாரெஸ்ட்டை ஒட்டிய புஃப்தேயாவில் பெரிய ஸ்டூடியோ இருந்தது. பகலில் படப்பிடிப்பு, இரவில் மேடை என்பது அங்கே சாதாரண நடைமுறை. "மேடை, திரை நடிகர்" என்று ருமேனியாவில் ஒருவரைச் சொன்னால் அதில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. ஏறக்குறைய எல்லோருமே அப்படித்தான்.

கராமித்ரு 1942 மார்ச் 9 அன்று புகாரெஸ்ட்டில் பிறந்தவர். குடும்பம் அரோமானியர், பால்கன் மலைப்பகுதிகளில் பரவி வாழும், ருமேனிய மொழிக்கு நெருங்கிய ஒரு மொழியைப் பேசும் சிறுபான்மை மக்கள். 1964இல் நாடகப் பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு புகாரெஸ்ட்டின் புலாந்த்ரா அரங்கில் சேர்ந்தார். அவருடைய கலை வாழ்க்கையின் பெரும் பகுதி இந்த அரங்கைச் சுற்றித்தான்.

1971க்குப் பின்

அறுபதுகளின் பிற்பாதி ருமேனியக் கலைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்த காலம். புலாந்த்ராவின் தலைவராக இருந்த லிவியு சியூலெய் 1965இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியவர். மேற்கு ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த சோதனைகளை அவர் தன் மேடைக்குக் கொண்டுவந்தார்.

1971இல் சௌசெஸ்கு சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் போய்வந்தார். அங்கே பார்த்த கட்டுக்கோப்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஊர் திரும்பிய கையோடு ஜூலை மாதத்தில் ஒரு கொள்கைப் பட்டியலை வெளியிட்டார். வரலாற்றில் அதற்கு "ஜூலை ஆய்வுரைகள்" என்று பெயர். கலை என்பது கட்சியின் பிரச்சாரக் கருவி, அவ்வளவுதான் என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டே அதன் பலன் தெரிந்தது. 1972இல் லூச்சியன் பின்திலியே புலாந்த்ராவில் கோகோலின் "அரசு ஆய்வாளர்" நாடகத்தை இயக்கினார். ஊழல் அதிகாரிகளைப் பற்றிய பழைய ரஷ்ய நகைச்சுவை நாடகம். மூன்று காட்சிகளோடு அதைத் தடை செய்தார்கள். பின்திலியே வெளிநாட்டில் வேலை தேட வேண்டியதாயிற்று. சியூலெய் தலைமைப் பதவியை இழந்தார். அரங்கில் எஞ்சியிருந்த கராமித்ரு போன்ற முப்பது வயதுக்காரர்களுக்கு இது நேரடிப் பாடம்.

தணிக்கை நடந்த விதம்

பத்திரிகைத் தணிக்கை அலுவலகத்தை 1977இல் கலைத்துவிட்டார்கள். ஆனால் தணிக்கை போகவில்லை, பல கைகளுக்குப் பிரிந்து போனது. நாடகத்துக்கு அது இப்படி நடந்தது:

1. அடுத்த பருவத்துக்கான நாடகப் பட்டியலுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.
2. ஒவ்வொரு நாடகத்தின் எழுத்துப் படியையும் படித்துப் பார்ப்பார்கள். வெட்டுவார்கள்.
3. அரங்கேற்றத்துக்கு முன் ஒரு குழு வந்து முழு நாடகத்தையும் பார்க்கும். திருத்தம் சொல்லும். திரும்பவும் வந்து பார்க்கும்.
4. இதையெல்லாம் தாண்டி மேடையேறிய பிறகும் நிறுத்தலாம். பின்திலியேயின் நாடகத்துக்கு அதுதான் நேர்ந்தது.

இந்த நான்கு வாசல்களையும் கடந்து வெளியே போகக் கலைஞர்கள் கண்டுபிடித்த வழிக்கு ருமேனிய மொழியில் "ஷொபர்லா" என்று பெயர். பல்லி, அரணை வகைக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல். சின்ன இடுக்கு கிடைத்தால் நுழைந்து ஓடிவிடும், பிடித்தால் வாலை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும், இல்லையா? அந்தப் பொருளில்தான்.

தாளில் இருக்கும் வசனம் சுத்தமாக இருக்கும். வெட்ட ஒன்றும் கிடைக்காது. மேடையில் நடிகர் அந்த வசனத்துக்கு முன் ஒரு நொடி நிறுத்துவார், அல்லது ஒரு சொல்லை மட்டும் லேசாக அழுத்துவார். மீதியைப் பார்வையாளர் தன் தலைக்குள் முடித்துக்கொள்வார். குற்றம் எங்கே நடந்தது என்று கேட்டால் காட்ட இடமிருக்காது. குழு பார்க்க வரும்போது அரங்கு காலி. சிரிக்கவும் கைதட்டவும் ஆளில்லை. அங்கே அதே வசனம் உயிரில்லாமல் கடந்துபோகும்.

நகைச்சுவை நடிகர் தோமா கராஜு இதில் பெரிய கை. தொலைக்காட்சியிலேயே பல்லிகளை ஓடவிட்டவர். 1977 மார்ச் 4 நிலநடுக்கத்தில் இறந்துபோனார். புலாந்த்ராவின் ஓர் அரங்குக்கு இன்று அவர் பெயர்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பல்லிகள் ஆட்சிக்கு உதவின, மக்கள் சிரித்து ஆறிவிட்டு வீட்டுக்குப் போனார்கள், குக்கர் வெடிக்காமல் இருக்க விசில் அடிப்பதுபோல என்று வாதிடுபவர்கள் ருமேனியாவிலேயே இருக்கிறார்கள். அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இருட்டில் ஐந்நூறு பேர் ஒரே நொடியில் ஒரே விஷயத்துக்குச் சிரித்தால், பக்கத்து இருக்கைக்காரரும் தன்னைப் போலவே நினைக்கிறார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும். அண்டை வீட்டாரை நம்பப் பயந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை.

1985: ஹாம்லெட்

எண்பதுகளில் வெளிநாட்டுக் கடனை முழுவதும் அடைத்துவிட வேண்டும் என்று சௌசெஸ்கு முடிவெடுத்தார். உணவு ஏற்றுமதியாயிற்று, மின்சாரமும் வெப்பமும் குறைந்தன. தொலைக்காட்சி வார நாட்களில் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது, அதிலும் பெரும்பகுதி தலைவரைப் பற்றியே. குளிர்காலத்தில் அரங்குகளிலும் சூடு கிடையாது. மக்கள் கனத்த மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் அரங்குகள் நிறைந்தன.

இந்தச் சூழலில்தான் 1985இல் இயக்குநர் அலெக்சாந்த்ரு தோச்சிலெஸ்கு புலாந்த்ராவில் ஷேக்ஸ்பியரின் "ஹாம்லெட்" போட்டார். நாயகன் கராமித்ரு. அப்போது அவருக்கு வயது 43. பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பிய இளவரசனுக்குக் கொஞ்சம் அதிகம்தான். பியானோ கலைஞர் தான் கிரிகோரே மேடையிலேயே அமர்ந்து வாசித்தார்.

ஷேக்ஸ்பியரைத் தணிக்கைக் குழு எப்படி வெட்டும்? இறந்து முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான ஆங்கிலேயர். ஆனால் 1985 புகாரெஸ்ட்டில் உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்தவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

1. அதிகாரத்தை அபகரித்த ஓர் அரசன், பக்கத்தில் அரசி. சௌசெஸ்குவும் மனைவி எலேனாவும் ஒவ்வொரு சுவரிலும் ஜோடியாகத் தொங்கிய காலம் அது.
2. திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் அமைச்சர்.
3. நண்பனை வேவு பார்க்க அரசன் அனுப்பிய இரண்டு பழைய தோழர்கள். செக்குரிதாத்தே என்ற ரகசியப் போலீஸ் நண்பர்களையும் உறவினர்களையும் உளவாளிகளாக்கிய நாட்டில் இதற்கு அடிக்குறிப்பு வேண்டாம்.
4. "டென்மார்க் ஒரு சிறைச்சாலை" என்ற வசனம்.
5. எல்லாவற்றுக்கும் மேலாக, நாடகத்துக்குள் வரும் நாடகம். அரசனின் குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே காட்டுபவர்கள் ஒரு நாடகக் குழுவினர்.

கடைசிக் குறிப்பை இன்னொரு முறை படியுங்கள். நடிகர்கள் அரசனை அம்பலப்படுத்தும் காட்சியை அரசனின் சம்பளம் வாங்கும் நடிகர்களே நடித்துக்காட்டினார்கள். வசனத்தைச் சேர்க்கவும் இல்லை, மாற்றவும் தேவையில்லை. ஒரு முழு நாடகமே பல்லியாகிவிட்டது.

கராமித்ருவுக்குக் கிடைத்த புகழ் திரை நட்சத்திரத்தின் புகழ் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். படங்களிலும் அவருக்குப் பெயர் உண்டு. 1981இல் நிக்கோலாய் மர்ஜினேயானு எடுத்த படத்தில் ஓவியர் ஷ்தெஃபான் லூக்கியானாக, கைகால் முடங்கியும் வரைவதை விடாத கலைஞராக நடித்தார். 1986இல் பெரிய வெற்றி பெற்ற ஒரு பள்ளிப் பருவக் காதல் படத்திலும் இருந்தார். கவிதை வாசிப்பில் தனிக் கூட்டமே உண்டு: தேசியக் கவி எமினெஸ்குவின் வரிகளை அவர் குரலில் கேட்க வந்தவர்கள். ஜாஸ் கலைஞர் ஜானி ரதுகானுவோடு சேர்ந்து இசையும் கவிதையுமாக நிகழ்ச்சிகள் நடத்தினார். ஆனால் மக்கள் அவரை நம்பியதற்குக் காரணம் ஹாம்லெட். சொல்ல முடியாததைச் சொன்ன குரல் என்று அதை அடையாளம் வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 22: ஒரு வாக்கியமும் முப்பதாண்டு வழக்கும்

1989 டிசம்பர் நடுவில் திமிஷ்வாரா நகரில் தொடங்கிய எதிர்ப்பு 21ஆம் தேதி புகாரெஸ்ட்டுக்கு வந்தது. 22ஆம் தேதி நண்பகலைத் தாண்டியதும் சௌசெஸ்கு தம்பதி கட்சித் தலைமையகக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார்கள். தெருவிலிருந்த கூட்டத்தின் ஒரு பகுதி தொலைக்காட்சி நிலையத்தை நோக்கித் திரும்பியது. ராணுவம் அதற்குள் பக்கம் மாறத் தொடங்கியிருந்தது. கராமித்ரு தெருவிலிருந்து ராணுவ வண்டியொன்றில் ஏறி நிலையத்துக்கு வந்தார்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கைப்பற்றிய நிலையத்தில் யாரைப் பேசவைப்பது? கட்சிக்காரர் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள். செய்தி வாசிப்பாளர் நேற்றுவரை பொய் படித்தவர். எதிர்க்கட்சி என்று ஒன்றே கிடையாது. நாட்டுக்கு முகமும் தெரிந்து, அந்த முகத்தின் மீது நம்பிக்கையும் மிஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலர். தினெஸ்கு அவர்களில் ஒருவர். பிரெஞ்சு நாளிதழுக்கு ஆட்சியை விமர்சித்துப் பேட்டி கொடுத்ததால் அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து வீட்டுக் காவலில் இருந்தார். கராமித்ரு இன்னொருவர்.

கேள்வி மூன்று இதே அறையில் பிறந்தது. நேரலை தொடங்குவதற்கு முந்தைய நொடிகளும் பதிவாகியிருந்தன. அதில் கராமித்ரு தினெஸ்குவிடம் ஏதோ சொல்கிறார். "மிர்ச்சா, வேலை செய்வதுபோல நடி" என்று சொன்னார் என்பது ஊரெங்கும் பரவிய வடிவம். இல்லை, "வேலை செய்துகொண்டிருப்பதைக் காட்டு" என்றுதான் சொன்னார் என்பது மறுதரப்பு. ருமேனிய மொழியில் இரண்டுக்கும் நடுவே ஓரிரு சொற்கள்தான் வித்தியாசம்.

கேமரா முன் எப்படி நிற்க வேண்டும் என்று ஒரு நடிகர் நண்பருக்குச் சொன்ன சாதாரண மேடைக் குறிப்பு அது என்றே எனக்குத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்க மேடையில் நின்றவருக்கு அது அனிச்சைச் செயல். ஆனால் "நடி" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. புரட்சியே முன்கூட்டி எழுதிய நாடகம், மேல்மட்டக் கம்யூனிஸ்டுகள் நடத்திய அதிகார மாற்றம் என்று நினைத்தவர்கள் இந்த வாக்கியத்தைச் சான்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சந்தேகத்துக்கு வேறு வலுவான காரணமும் இருந்தது. புரட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது சௌசெஸ்கு ஓடிய பிறகு. "பயங்கரவாதிகள் வருகிறார்கள்" என்று அதே தொலைக்காட்சி நாள்கணக்கில் அறிவித்துக்கொண்டிருந்தது. குழப்பத்தில் ராணுவத்தினர் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். யார் அந்தப் பயங்கரவாதிகள் என்பது தெளிவாகவே இல்லை. அந்தக் கோபத்தின் ஒரு பங்கு, முதலில் திரையில் தெரிந்த முகத்தின் மீதும் விழுந்தது. மேடையில் அவருக்கு நம்பகத்தன்மை தந்த அதே தொழில், திரையில் அவரைச் சந்தேகத்துக்குரியவராக்கியது.

அதிகாரத்தில் நடிகர்

புரட்சியில் உருவான தேசிய மீட்பு முன்னணியின் தலைமைக் குழுவில் கராமித்ரு இடம்பெற்றார். புரட்சிக்குப் பின் குடியரசுத் தலைவரான முன்னாள் கம்யூனிஸ்ட் தலைவர் அயோன் இலியெஸ்குவின் கட்சியாக முன்னணி மாறிய பாதை அவருக்கு ஒத்துவரவில்லை, விலகினார்.

1990 தொடக்கத்தில் யூனித்தேர் என்ற நாடகக் கலைஞர் சங்கம் அமைந்தது. முதல் தலைவர் அவர். அதே ஆண்டு புலாந்த்ராவின் தலைமைப் பொறுப்பும் வந்தது. அந்த இலையுதிர் காலத்தில் "ஹாம்லெட்" லண்டன் போயிற்று. பிரிட்டனின் தேசிய நாடக அரங்குக்குத் தலைமை வகித்த ரிச்சர்ட் ஐர் அழைத்திருந்தார். புரட்சியில் பங்கெடுத்த ஹாம்லெட் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஆர்வம் காட்டின. பிரிட்டிஷ் அரசு 1995இல் ஒரு கௌரவ விருதும் கொடுத்தது.

வெளிநாட்டுப் படங்களும் வந்தன, பெரும்பாலும் சிறு வேடங்கள். 1996இல் வந்த முதல் "மிஷன்: இம்பாசிபிள்" படத்தில் தலைகாட்டினார். கோஸ்தா காவ்ராஸின் 2002 படமான "ஆமென்"னில் பிரபு ஒருவர். கிழக்கு ஐரோப்பிய நடிகருக்கு மேற்கத்திய சினிமா ஒதுக்கும் இடம் அவ்வளவுதான். இதில் சுவையானது 2004இல் அயர்லாந்தில் எடுத்த "ஆடம் அண்ட் பால்". டப்ளின் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பல்கேரியர், தன்னை ருமேனியன் என்று நினைத்துவிட்டார்களே என்று எரிச்சலடைவார். அந்தப் பல்கேரியராக நடித்தவர் கராமித்ரு.

1996 தேர்தலில் எமில் கொன்ஸ்தாந்தினெஸ்கு குடியரசுத் தலைவரானார்; இலியெஸ்குவுக்கு எதிரான கூட்டணி முதல்முறையாக ஆட்சிக்கு வந்தது. அதில் கராமித்ரு பண்பாட்டு அமைச்சர். ரசிகர் கூட்டத்தை வாக்காக மாற்றி அவர் இந்த இடத்துக்கு வரவில்லை. புரட்சியின் தார்மீக மதிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தபோது அதைக் கூட்டணி பயன்படுத்திக்கொண்டது என்பதே சரி. நான்காண்டில் மூன்று பிரதமர்கள் மாறினார்கள், அமைச்சர் இவர்தான். பிரன்குஷின் புகழ்பெற்ற "முடிவில்லாத் தூண்" சிற்பத்தைச் சீரமைத்து நிமிர்த்தியது இந்த ஆண்டுகளில்தான். 2000 தேர்தலில் அவருடைய கட்சி நாடாளுமன்றத்துக்குள்ளேயே வர முடியாமல் வீழ்ந்தது. இலியெஸ்கு திரும்பவும் குடியரசுத் தலைவரானார்.

தொப்பி வெளியே வந்த கதை

2005இல் புகாரெஸ்ட் தேசிய நாடக அரங்கின் தலைவரானார். இந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்லாமல் அவருடைய கடைசிப் பதினாறு ஆண்டுகளைச் சொல்ல முடியாது.

பழைய தேசிய அரங்கு 1944இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்தது. புதியது 1973இல் திறக்கப்பட்டது. விளிம்பு அகன்ற கூரை. மக்கள் அதை "கராஜாலேயின் தொப்பி" என்றார்கள், அரங்குக்குப் பெயர் தந்த நாடகாசிரியரை நினைத்து. 1978இல் தீவிபத்து நடந்தது. பழுதுபார்க்கும் சாக்கில் எண்பதுகளில், சௌசெஸ்குவின் ரசனைக்கேற்ப, முழுக் கட்டடத்தையும் கனமான வளைவுகள் கொண்ட கான்கிரீட் போர்வைக்குள் மூடிவிட்டார்கள். தொப்பி காணாமல் போயிற்று.

கராமித்ரு அந்தப் போர்வையை உடைத்தார். 2010க்குப் பின் தொடங்கிய பணியில், முதலில் கட்டியவர்களில் ஒருவரான ரொமெயோ பெலேயாவே மறுவடிவமைப்பையும் செய்தார். 2014இல் பழைய உருவம் வெளியே தெரிந்தது. உள்ளே அரங்குகளின் எண்ணிக்கையும் கூடியது. அமைச்சராக இருந்து செய்ததைவிடக் கண்ணுக்குத் தெரியும் வேலை இதுதான் என்பது என் கணிப்பு.

குறையும் உண்டு. யூனித்தேர் தலைவராக 31 ஆண்டு, தேசிய அரங்கில் 16 ஆண்டு. இரண்டு நாற்காலியும் கடைசிவரை அவரிடமே இருந்தன. நிரந்தரத் தலைவர்களை எதிர்த்துத் தெருவில் நின்றவர் இப்படி நீடித்தது முரண் என்று இளைய கலைஞர்கள் சொன்னால் பதில் சொல்வது கடினம்.

2021 செப்டம்பர் 5 அன்று 79ஆம் வயதில் அவர் இறந்தார். 1989 டிசம்பர் சாவுகள் தொடர்பாக அயோன் இலியெஸ்கு மீது அரசு வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கு 2019இல் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. தொலைக்காட்சி வழியாகப் பரவிய பொய்த் தகவல்கள் அந்தக் குற்றப்பத்திரிகையின் மையத்தில் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் இலியெஸ்குவும் இறந்தார், தீர்ப்பு வராமலே.